எட்டாவது கோல்

தார்ப்பாயை இழுத்து மடித்ததும் லானியின் கண்ணில் முதலில் பட்டது படகின் தரைதான். விரிப்பு ஈரமாக இருந்தது. ஒரு மாதமாக அந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. சாலையோரச் சோளப்பயிர் இலை சுருண்டு நின்றது. ஏப்ரலில் கொட்டகைக்குள் தள்ளி மூடிய படகு, அதற்குப் பிறகு யாரும் தொடாதது. உள்ளங்கையை வைத்து அழுத்தினான். விரலிடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது. ஜூலை மாத வெயிலில் தகரக் கொட்டகை அடுப்பாகக் கொதித்தது, அந்தத் தண்ணீர் மட்டும் சில்லென்றிருந்தது. முகர்ந்து பார்த்தான். ஏரியின் அடிச்சேறும் அழுகிய இலையும் கலந்த வாடை.

"அக்கா, படகு ஓட்டையா?"

"ஓட்டையா இருந்தாலும் தண்ணி வர்றதுக்கு ஒரு ஏரி வேணும்டா. கொட்டகைக்குள்ள ஏது ஏரி?" ரோவீனா கையில் ஐஸ்பெட்டியோடு வந்து நின்றாள். "மூடி வெச்சா வேர்க்கும். டவுன்காரனுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது. வண்டில மாட்டு."

அவள் சொன்னதை அவன் நம்பினான் என்று சொல்ல முடியாது. ஆனால் அக்கா பல நாள் கழித்து அன்றைக்குத்தான் கேலி பேசினாள். அதைக் கெடுக்க மனமில்லாமல் படகை வண்டியில் மாட்டினான்.

ரோவீனாவின் கணவன் பேர் வெஸ்டர். டாலபோக் என்ற ஏரியில் கிராப்பி மீன் பிடிப்பதில் கெட்டிக்காரன் என்று மிசிசிப்பி மாநிலத்தின் வடக்குக் கோடி முழுக்கப் பேர் வாங்கியவன். ஏப்ரலில் ஒருநாள் தனியாகப் போனான். சாயங்காலம் படகு மட்டும் கிடைத்தது. மோட்டார் ஓடிக்கொண்டே, வட்டம் போட்டுக்கொண்டே, தூண்டில் கோல்களெல்லாம் தாங்கியில் நின்றபடியே கிடைத்தது. இரண்டு வாரம் ஏரியைக் கொக்கி போட்டு அலசினார்கள். ஆள் கிடைக்கவில்லை. பாதிரியார் வந்து, உடல் இல்லாவிட்டாலும் ஒரு பிரார்த்தனைக் கூட்டம் வைத்துவிடலாம் என்று பக்குவமாகச் சொன்னார். ரோவீனா காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். கல்லறையில் எதைப் புதைப்பது என்பது அவள் கேள்வி. அதிலிருந்து தினமும் கரையில் போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைப் பார்த்தாள். சாப்பாடு பாதியாயிற்று, தூக்கம் அதிலும் பாதி.

லானி டூப்பலோ நகரத்தில் சோபா செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். தம்பி என்று அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். அந்த ஏரிக்கரையில் அவளை விட்டால் இன்னொரு ஏப்ரலைத் தாண்ட மாட்டாள் என்று அவனுக்குப் பயம். எங்களோடு வந்து இரு என்று கெஞ்சினான். மூன்று முறை முடியாது என்றவள் நாலாவது முறை ஒரு நிபந்தனை போட்டாள். ஒரே ஒரு நாள் வெஸ்டரின் படகில் ஏரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மீன் பொரித்துப் போடும் விருந்துக்கு மீன் பிடித்துக் கொடுத்துவிட்டு அப்படியே பெட்டியோடு வந்துவிடுவாள். லானிக்கு உயிர் வந்தது. வீட்டில் பின்னறையைக் காலி செய்து, திரைச்சீலை கூட மாட்டி வைத்திருந்தான்.

சிறுவயதில் மூங்கில் குச்சியும் தக்கையும் வைத்து மீன் பிடித்ததோடு சரி, ஓடுகிற படகில் தூண்டில் இழுத்து அவனுக்குப் பழக்கமில்லை. ரோவீனா அவனை முன்பக்கத்து இருக்கையில் உட்கார்த்தி, காலடியில் பேட்டரி மோட்டாரின் பெடலைக் காட்டினாள். அவள் பின்பக்கம் போய் எட்டுக் கோல்களையும் விசிறி விரித்தாற்போலத் தாங்கிகளில் நிறுத்தினாள். ஒவ்வொரு தூண்டில் நரம்பின் நுனியிலும் ஒரு பொய்மீன், கட்டைவிரல் நீளம், கண்ணும் செதிலும் வரைந்து, வயிற்றிலும் வாலிலும் முள் தொங்க. அதன் உதட்டில் ஒரு சின்னத் தகடு. படகு இழுக்க இழுக்க அந்தத் தகடு தண்ணீரைக் குத்தி மீனை ஆழத்துக்குக் கொண்டுபோகும். எவ்வளவு நரம்பு விடுகிறோமோ அவ்வளவு ஆழம்.

"இழுத்தா முங்கும், நிறுத்தினா மிதக்கும். அவ்ளோதான் வித்தை," என்றாள். "மெதுவா நடக்கற வேகம். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. நுனியப் பாரு, துடிக்குதா? உள்ள பொய்மீன் நல்லா நீந்துதுன்னு அர்த்தம். துடிப்பு நின்னா இலை மாட்டிருக்கு. அதெல்லாம் என் வேலை. உன் வேலை ஒண்ணே ஒண்ணு. முன்னாடி பாத்து நேரா ஓட்டு. பின்னாடி திரும்பாத."

"ஏன், திரும்பினா கல்லாப் போயிடுவேனா?"

"தலை திரும்பினா காலும் திரும்பும்டா. கால் திரும்பினா படகு வளையும். படகு வளைஞ்சா எட்டு நரம்பும் சடை போட்டுக்கும். அப்புறம் பிரிக்கறதுக்கு உன் பொண்டாட்டியத்தான் கூட்டிட்டு வரணும்."

சொல்லி முடிக்கவில்லை, முதல் மீன் மாட்டியதும் அவன் ஆசையாகத் திரும்பினான். படகு வளைந்தது. மூன்று நரம்புகள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டன. ரோவீனா தலையில் அடித்துக்கொண்டு, வெஸ்டர் பேசும் கெட்ட வார்த்தைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லித் திட்டினாள். முடிச்சுப் பிரிக்க வெகுநேரம் ஆனது. அந்தத் திட்டில் லானிக்குச் சந்தோஷமே. அக்கா பழைய அக்காவாகத் திரும்பி வருகிறாள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவன் திரும்பவில்லை.

முடிச்சுப் பிரிக்கும்போது அவன் ஒன்றைப் பார்த்திருந்தான். ஏழு கோல்களில்தான் மெல்லிய நரம்பு. கடைசிக் கோலில் பெருங்கெளுத்திக்குப் போடும் தடித்த நரம்பு. அதன் முனையில் பொய்மீனுக்குக் கீழே, விரல் தடிமனில் ஒரு இரும்பு முள். கிராப்பி மீனின் வாய் காகிதம், பலமாக இழுத்தாலே கிழிந்துவிடும். அந்த முள் கிராப்பிக்கானதல்ல. அக்கா சர்ச்சுக்காக மட்டும் ஏரிக்கு வரவில்லை. கேட்கலாமா என்று யோசித்தான். கடைசி நாள்தானே, வெஸ்டரைத் தேடிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

நடுப்பகல் வரை மீன்கள் நன்றாகவே மாட்டின. பின்னால் நரம்பைச் சுற்றும் ரீல் கரகரக்கும், கைவலை தண்ணீரைக் கோரும், ஐஸ்பெட்டியின் மூடி திறந்து மூடும், உள்ளே மீன் வாலால் தட்டும். ஒவ்வொன்றுக்கும் அக்கா ஒரு பேர் வைத்தாள். சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருக்கும் தடித்த அம்மாளின் பேரை ஒரு பெரிய மீனுக்கு வைத்தபோது இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். தொத்திறைச்சி வைத்த ரொட்டியைத் தின்று, ஐஸ் போட்ட சர்க்கரை டீயைக் குடித்தார்கள். வெயில் ஏறியதும் மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்குப் போயின. காற்று நின்றது. ஏரி வெளுத்து, வானம் வெளுத்து, இரண்டுக்கும் நடுவில் கரை எங்கே என்றே தெரியாமல் கானல் ஆடியது. மோட்டாரின் மெல்லிய முனகலும், கோல் நுனிகள் தாங்கியில் துடிக்கும் டிக்கடிக்கென்ற ஓசையும் தவிர வேறு சத்தமே இல்லை.

"அந்தப் பழைய ஆத்துப் பள்ளத்து வழியா போ," என்றாள் ரோவீனா.

அணை கட்டுவதற்கு முன்பு அங்கே ஆறு ஓடியது. ஏரிக்கு அடியில் அதன் பள்ளம் இன்னும் இருக்கிறது. அவன் காலடியில் ஆழம் காட்டும் திரையில் தரை சரிந்து இறங்குவது தெரிந்தது. படகு வட்டம் போட்டுக் கிடந்த இடமும் அந்தப் பக்கம்தான். லானி பெடலை அழுத்தினான்.

பள்ளத்துக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் திரையில் அது வந்தது. மீன் என்றால் திரையில் வளைந்த நகத் துண்டு போலத் தெரியும், கடந்து போய்விடும். இது வளையவில்லை. கோடாக இருந்தது. தரைக்குச் சற்று மேலே, தடித்த நீளக் கோடு. படகு நகர நகர அதுவும் நீண்டுகொண்டே வந்தது.

"அக்கா, திரை கெட்டுப் போச்சா? ஒரே கோடா வருது."

ரோவீனா மெதுவாகக் கேட்டாள். "கோடுன்னா? விட்டு விட்டா, தொடர்ச்சியாவா?"

"தொடர்ச்சியா."

"அப்படின்னா ஏதோ நமக்கு நேர் கீழேயே வருது. நம்ம வேகத்துலயே." அவள் குரலில் ஏதோ உடைந்திருந்தது. பயமில்லை. "எவ்ளோ ஆழத்துல?"

அவன் சொல்வதற்குள் கோடு சற்று மேலேறியிருந்தது. படிக்கட்டு ஏறுவது போல நிதானமாக, ஒவ்வொரு விரற்கடையாக.

"மேல வருதுக்கா."

"வரட்டும்."

"போயிடலாம்க்கா. போதும் மீனு."

"வேகத்தக் கொறைக்காத, லானி. கெஞ்சிக் கேக்கறேன். நேரா போ."

அவள் தன்னிடம் கெஞ்சி அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. கால் பெடலிலேயே இருந்தது. கோடு பாதியைத் தாண்டியது. முக்கால் ஆனது. திரையின் உச்சியைத் தொட்டது. பிறகு கோடே இல்லை, வெறும் தண்ணீர். அதே நேரத்தில் அவன் பாதத்துக்கு அடியில், படகின் அடிப்பலகையில், யாரோ உள்ளங்கையால் தடவிக்கொண்டு போவது போல ஒரு சத்தம். முன்னாலிருந்து பின்னால். மெதுவாக. அவன் இருக்கையைத் தாண்டி, ஐஸ்பெட்டியைத் தாண்டி, அக்கா இருந்த பக்கமாக அது போயிற்று.

ரோவீனா ஏதோ சொன்னாள், மிகத் தணிந்து, அவனிடமல்ல. படகின் பின்பக்கம் சட்டென்று தாழ்ந்தது, பிறகு எழும்பியது. கைவலை விழுந்தது போலவும் வாளி கவிழ்ந்தது போலவும் தண்ணீர் ஒரு முறை சளக்கென்றது.

"அக்கா?"

கோல் நுனிகள் துடித்தன. டிக்கடிக், டிக்கடிக்.

"அக்கா!"

"ஒண்ணுமில்ல," என்றது பின்னாலிருந்து அவள் குரல். "நேரா போ."

அவன் மூச்சை விட்டான். வியர்வையைத் துடைத்துக்கொண்டான். கழுத்து திரும்பத் துடித்தது. நரம்புகளை நினைத்து அடக்கிக்கொண்டான். பின்னால் ரீல் கரகரத்தது. ஐஸ்பெட்டி மூடி திறந்தது, மூடியது. எல்லாம் முன்பு போலத்தான். ஆனால் இந்த முறை மீனுக்குப் பேர் வைக்கவில்லை.

"என்ன மாட்டுச்சு?"

"மீன்."

"பெருசா?"

"மீன்."

வெயில் உச்சந்தலையில் இறங்கியது. அந்த வெயிலில் அவன் குதிகால் குளிர்ந்தது. குனிந்து பார்த்தான். விரிப்பின் மேல் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் மெலிதாக ஓடி வந்து அவன் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. காலையில் முகர்ந்த அதே வாடை. இப்போது முகர வேண்டிய அவசியமே இல்லை. படகு முழுக்க அதுதான்.

"டீ வேணுமாக்கா?"

திரும்பாமலே டீயைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினான். யாரும் வாங்கவில்லை.

"பின்னறையில புதுத் திரைச்சீல மாட்டிருக்கேன். மஞ்ச கலரு. நீ சிரிப்ப பாத்தா." தன் குரல் கிறீச்சிடுவது அவனுக்கே கேட்டது. "சாயங்காலமே கிளம்பிடலாம். பெட்டியெல்லாம் கட்டிட்டதான?"

மூடி திறந்தது. மூடியது. உள்ளே எதுவும் வாலால் தட்டவில்லை.

"நேரா போ."

குரல் அவளுடையதுதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே ஏற்றம், அதே இறக்கம், அதே இடத்தில் மூச்சு. முன்பு சொன்ன வார்த்தையை எடுத்து மறுபடி வைத்தது போல. லானி தனக்குத்தானே ஆறுதல் சொல்லிப் பார்த்தான். துக்கக்காரி. அழுதிருப்பாள். குரல் கட்டியிருக்கும். அப்படியே இருக்கட்டும் என்று எத்தனை ஆசைப்பட்டான்!

பிறகு அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றிய பிறகு அதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. காலைத் திருப்பி, பெடலை ஒரேயடியாக ஓரத்துக்கு அழுத்தினான். படகு சட்டென்று வளைந்தது. வேண்டுமென்றே. பின்னால் எட்டு நரம்புகளும் குறுக்கும் நெடுக்கும் பாய்வது தெரிந்தது. கோல்கள் தாங்கிகளில் முட்டி மோதிக்கொண்டன. இதற்கு ரோவீனா என்றால் எழுந்து வந்து முதுகில் ஒன்று வைத்திருப்பாள். ஏரியின் அந்தக் கரைக்குக் கேட்கும்படித் திட்டியிருப்பாள்.

காத்திருந்தான்.

திட்டவில்லை.

படகு வளைந்து முடித்தது.

"நேரா போ," என்றது குரல்.

லானி திரும்பினான்.

பின்பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. இருக்கை நனைந்து, ஓரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ்பெட்டி திறந்து கிடந்தது. காலையில் பிடித்த மீன்களின் மேல் கறுத்த சேறும் மட்கிய இலையும் வாய் வரை அள்ளிப் போட்டிருந்தது. கோல்கள் கோணல் மாணலாக நின்றன. ஏழு நுனிகள் முடிச்சில் மாட்டி வெறுமனே ஆடின. எட்டாவது கோல் மட்டும் வில்லாக வளைந்து, ஆடாமல், அசையாமல், பின்னால் தண்ணீரைக் காட்டிக்கொண்டு நின்றது.

மோட்டாரை நிறுத்தினான். ஓடினான். ஐஸ்பெட்டியில் முழங்கால் இடித்தது, வலிக்கவில்லை. இப்போதுதான் விழுந்திருப்பாள், இந்த நிமிடம்தான் பேசினாள், இழுத்துப் போட்டால் இருமி எழுந்துவிடுவாள். அப்படித்தான் நினைத்தான். அப்படி நினைக்கத்தான் முடிந்தது.

படகு நின்றது. இழுப்பு போனதும் பொய்மீன்கள் மேலே வரத் தொடங்கின. ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. பச்சை ஒன்று. வெள்ளையும் ரோஜாவும். பளிச்சென்று, பொம்மைகளாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வெயிலில் மிதந்தன. அவன் எட்டாவது கோலைப் பிடுங்கி ரீலைச் சுழற்றினான். கனம் வந்தது. துள்ளவில்லை. முரண்டு பிடிக்கவில்லை. கூப்பிட்டால் வருவது போல வந்தது.

முதலில் கை. சட்டையின் முழங்கைத் துணியில் அந்த இரும்பு முள் மாட்டியிருந்தது. பிறகு நரைத்த கூந்தல், விரிந்து. கோலைப் போட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஏரியின் அடித்தண்ணீர் எவ்வளவு குளிருமோ அவ்வளவு குளிர்ந்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்து, சுருங்கி. இது இந்த நிமிடம் விழுந்த கையல்ல. கோடு திரையை விட்டுப் போனதிலிருந்து அவளை அவன்தான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். பார்த்துப் பார்த்து. நேராக. சரியான வேகத்தில்.

"அக்கா. அக்கா. ஐயோ அக்கா."

இரண்டு கையாலும் இழுத்தான். தோள் படகின் விளிம்புக்கு வந்தது. இன்னும் கொஞ்சம்.

அப்போது படகின் முன்பக்கம் தாழ்ந்தது. அவன் விட்டுவிட்டு வந்த இருக்கையின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. ஈரமான ஏதோ ஒன்று பெடலின் மேல் வைக்கப்பட்டது.

மோட்டார் முனகியது.

படகு நகர்ந்தது. ஒரு விரற்கடை கூட வளையாமல், ஆற்றுப் பள்ளத்தின் நடுக்கோட்டில், மெதுவாக நடக்கும் வேகத்தில். பொய்மீன்கள் முடிச்சோடு முடிச்சாகத் தலை குத்தி உள்ளே போயின. தண்ணீர் அக்காவின் தோளைப் பிடித்து இழுத்தது. லானி விடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் கை நழுவும் என்று சொல்லிக்கொண்டான். அது பொய் என்று அவனுக்குத் தெரியும்.

இழுப்பில் அவள் உடல் மெல்லப் புரண்டு மல்லாந்தது. ஒரு சாண் தண்ணீருக்குக் கீழே முகம் படகோடு கூடவே வந்தது. கண்கள் திறந்திருந்தன. அவை அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக, படகின் முன்பக்கத்தைப் பார்த்தன. வெஸ்டரின் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வரும்போது முகத்தில் வைத்திருப்பாளே, அந்தச் சிரிப்பை ரோவீனா சிரித்துக்கொண்டிருந்தாள்.